நீல கிரீஸும் மஞ்சள் கிரீஸும்

எங்கள் பக்கத்தில் நீச்சல் தெரிந்தவர்கள் எல்லாரும் கிணற்றில் பழகியவர்கள். கிணற்றுக்குப் படகு தேவைப்படாது. அதனால், அருள்பாண்டி படகு வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தபோது எதற்கு வாங்கினார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கே விடப் போகிறார் என்றுதான் கேட்டார்கள்.

தாயில்பட்டி தாண்டி வெம்பக்கோட்டை அணைக்குப் போகிற வழியில் அவருடைய ஊர். அப்பா விட்டுப் போன மானாவாரிக் கரிசல் நிலம் இருந்தது. மழை பெய்தால் அதில் பருத்தியும் மக்காச்சோளமும் வரும். பெய்யாவிட்டால் வேலிக்கருவை வரும். வேலிக்கருவைக்கு மட்டும் எந்த வருஷமும் குறை வந்ததில்லை. களை வெட்ட ஆள் கிடைப்பது அதைவிடச் சிரமம். காலையில் கஞ்சி குடித்து முடிக்கும் முன்னால் பட்டாசு ஆபீஸ் வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஊரில் பாதி அதில் ஏறிப் போய்விடும். எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் அது பட்டாசு ஆலை. மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிற இடத்துக்குத்தான் வேறு பேர் சொல்லி விளக்க வேண்டும்.

அருள்பாண்டி நல்ல மனுஷர். வேட்டி கசங்காது, குரல் உயராது. அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு: எதற்கும் நிறையக் கொடுக்க வேண்டும். விருந்தாளிக்கு இலையில் இடமில்லாதபடி சோறு வைப்பார். போதும் என்று கையை மறித்தால் மறித்த கையின் மேலேயே விழும். உழவு மாடு இருந்த காலத்தில் அது படுத்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்குப் பருத்திக்கொட்டை வைத்தார். கிணற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் பம்புசெட்டுக்கு ஊற்றிய எண்ணெய் வாய்க்கால் வழியே போய்த் தென்னம்பிள்ளை ஒன்றைக் கொன்றது. அவருடைய மனைவி பாண்டிலட்சுமி, "இவுக கையால சாப்பிட்டவங்க ரெண்டு வகை. திரும்பி வந்தவங்க, வராதவங்க" என்பாள்.

இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் நல்ல மழை பெய்தது. அணை நிறைந்தது. வேடிக்கை பார்க்க ஊர் ஊராக ஜனம் வந்தது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வேன்கள்கூட வழியை மாற்றிக்கொண்டு கரையில் வந்து நின்றன. அருள்பாண்டியும் போய் நின்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். இத்தனை பேரும் கரையில் சும்மா நிற்கிறார்களே, இவர்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. களை எடுக்க வேண்டாம், உரம் போட வேண்டாம், பூச்சி விழாது. வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற பிழைப்பிலிருந்து விடுதலை என்று நினைத்தார். அணையும் வானத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அணையில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் சீனிச்சாமி. அருள்பாண்டி அவரிடம் போய்க் கேட்டார். சீனிச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தாராளமா விடுங்க. ஆனா பொழுது சாஞ்சா படகு தண்ணியில கெடக்கப்படாது. கெடந்தா எவனாவது எடுத்துட்டுப் போயி எம் மீனைப் பிடிச்சிருவான். வெளிய எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிரணும்" என்றார்.

அருள்பாண்டிக்கு அது பெரிய நிபந்தனையாகத் தெரியவில்லை. சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி இறக்கினால் போகிறது என்று நினைத்தார்.

கடல் பொங்கிய ஆண்டுக்குப் பிறகு தூத்துக்குடி பக்கம் இலவசமாக நிறைய ஃபைபர் படகுகள் வந்திருந்தன. ஒரு வீட்டுக்கு ஒன்று போய் இரண்டு என்று ஆகி, வேண்டாதவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். தருவைகுளத்தில் ஜெயச்சந்திரன் என்ற மீனவரிடம் ஒரு படகும், அதன் பின்னால் மாட்டுகிற மண்ணெண்ணெய் மோட்டாரும் விலைக்கு இருந்தன. அருள்பாண்டி அவற்றைப் பார்த்ததும் பிடித்துப்போய் முடித்துவிட்டார்.

ஜெயச்சந்திரன் நேர்மையான வியாபாரி. மோட்டாரை ஒரு கட்டையில் மாட்டி வைத்து, கிரீஸ் விஷயம் முழுவதையும் சொல்லிக் கொடுத்தார். நீல நிறத்தில் ஒரு கிரீஸ் டப்பாவைத் திறந்து, விரலால் எடுத்து, தண்ணீர் வாளிக்குள் முக்கிக் காட்டினார். தண்ணீர் உருண்டு ஓடியது, கிரீஸ் விரலைவிட்டு அசையவில்லை.

"இது தண்ணிக்குன்னே உள்ளது, அண்ணாச்சி. தண்ணியத் தள்ளுற விசிறியக் கழத்தி, அந்தத் தண்டுல இதைத் தடவணும். தடவலைன்னா துருப் பிடிச்சு விசிறி தண்டோட ஒட்டிக்கிடும், அப்புறம் சுத்தியல் வச்சு அடிச்சாலும் வராது. மோட்டார் திரும்புற எடத்துல கிரீஸ் ஏத்துற நிப்பிள் இருக்கு பாருங்க. கிரீஸ் கன்னை வச்சு, பழைய கிரீஸ் வெளிய வார வரைக்கும் அடிங்க. புதுசு எட்டிப் பாத்ததும் நிறுத்திருங்க."

"நிறுத்திரணுமா?"

"நிறுத்திரணும். அடுத்தது வண்டி. அதைத்தான் நீங்க முக்கியமாக் கேக்கணும். போட்டைச் சொமக்குற வண்டிச் சக்கரத்துக்குள்ள பேரிங் இருக்கும். ரோட்டுல ஓடையில சூடாகும், அப்படியே தண்ணிக்குள்ள எறங்கும். சூட்டையும் தாங்கணும், தண்ணியையும் தாங்கணும். மோட்டாரை விட..."

இந்த இடத்தில் அருள்பாண்டி நீல டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். கடலில் ஓடுகிற மோட்டாருக்கு அவ்வளவு விசேஷமான பொருள் இருப்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. வண்டிச் சக்கரத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் மாட்டுவண்டி வைத்திருந்த குடும்பம். ஜெயச்சந்திரன் பேசி முடித்ததும் "சரி, சரி" என்றார். நீல டப்பா இரண்டு வாங்கிக்கொண்டார்.

படகைச் சுமக்க ஒரு வண்டியைச் சாத்தூர் பட்டறையில் அடித்தார்கள். பழைய கார் ஒன்றின் அச்சு, அதன் மேல் படகின் அடியைத் தாங்குகிற மாதிரி இரும்புச் சட்டம். எல்லாம் முடிந்து படகு ஊருக்குள் நுழைந்தபோது சித்திரை வெயில். அணையில் தண்ணீர் நடுப்பள்ளத்துக்குப் போய்விட்டது. கரையிலிருந்து அதைத் தொட அரை மைல் வெடிப்பு விழுந்த சேற்றில் நடக்க வேண்டும்.

படகு வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. பாண்டிலட்சுமி தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"குடிக்கிற தண்ணிக்கு லாரியப் பாத்துக் கெடக்கோம். இதுக்கு மெதக்குற தண்ணி எந்த லாரியில வரும்?"

"ஐப்பசியில வரும்," என்றார் அருள்பாண்டி.

அந்தச் சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும் மோட்டார் பட்ட சுகத்தை அந்த ஊரில் வேறு எதுவும் பட்டதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துணி விரித்துப் படுக்க வைப்பார். விசிறியைக் கழற்றுவார். தண்டில் இருந்த, ஒரு துளித் தண்ணீர்கூடப் பார்க்காத நீல கிரீஸைச் சுத்தமாக வழித்துவிட்டுப் புது நீல கிரீஸைத் தடவுவார். நிப்பிளில் கன்னை வைத்து அடிப்பார். புதுசு எட்டிப் பார்த்ததும் நிறுத்த மனசு வராது. நன்றாக வெளியே வந்து தரையில் சொட்டும்வரை அடிப்பார். உறவினர் யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். அவர்களும் சாமான் விலை கேட்பதுபோல், "உள்ள கிரீஸ் இருக்கா?" என்று மரியாதைக்குக் கேட்பார்கள்.

வண்டிச் சக்கரத்துக்கும் அவர் வஞ்சகம் செய்யவில்லை. பட்டறைக்காரன் கொஞ்சம் மஞ்சள் கிரீஸ் வைத்துக் கொடுத்திருந்தான். அது போதாது என்று பட்டது. பம்புசெட்டுக்கு வாங்கிய பழைய டப்பாவில் மிச்சம் இருந்தது, அதைப் போட்டார். மாட்டுவண்டி காலத்து வண்டி மை ஒரு மூங்கில் குழாயில் இறுகிக் கிடந்தது. விளக்கெண்ணெயில் குழைத்த கரி, அப்பா கையால் செய்தது. அதையும் சுரண்டிப் போட்டார். சக்கரத்தின் நடுக்குடத்தில் ஓர் ஈ நுழைய இடமில்லாமல் அடைத்து, மூடியைச் சுத்தியலால் தட்டி மூடினார். நீல கிரீஸை மட்டும் அதில் போடவில்லை. சாதாரண ரோட்டில் ஓடுகிற சக்கரத்துக்கு அது எதற்கு என்று நினைத்தார்.

அவர் சொன்னதுபோலவே மழை வந்தது. ஐப்பசியில் இல்லை, கார்த்திகைக் கடைசியில். அணை முக்கால் அளவுக்கு ஏறியது. காணும்பொங்கலன்று படகை இறக்குவது என்று முடிவானது.

இழுத்துப் போக டிராக்டர் வேண்டும். ஊரில் டிராக்டர் வைத்திருந்தவன் சுடலை. சுடலையின் அப்பா, அருள்பாண்டியின் அப்பாவிடம் பண்ணைக்கு இருந்தவர். சுடலை சின்ன வயதிலேயே பட்டாசு ஆபீஸுக்குப் போய், பிறகு லோடு ஏற்றி, கடைசியில் கடன் வாங்கி டிராக்டர் வாங்கிவிட்டான். அவனுடைய அப்பா "மொதலாளி" என்று கூப்பிட்ட வீட்டை அவன் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டான். அருள்பாண்டி பழைய பழக்கத்தில் "ஏலே சுடலை" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் டிராக்டர் வேண்டிய நாட்களில் "ஏலே" தானாகவே உதிர்ந்துவிடும்.

"சுடலை, கொஞ்சம் வரணுமே," என்றார் அன்று.

படகு ரோட்டில் போனது. பின்னால் சைக்கிள்கள், மொபெட்டுகள், நடந்து வருகிறவர்கள். பாதி வழியில் வலது சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. சுடலை இறங்கிப் பார்த்தான். மூடி தெறித்துப் போயிருந்தது. உருகிய கிரீஸ் கருப்பும் மஞ்சளுமாக டயரில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, சக்கரம் கொதிக்கு. கொஞ்சம் ஆறட்டும்."

அருள்பாண்டி கரையைப் பார்த்தார். ஜனம் காத்திருந்தது. கரும்பு விற்பவன்கூட வந்துவிட்டான். "தண்ணிக்குள்ளதான போகப்போகுது? அங்கன போயி ஆறட்டும்," என்றார்.

வண்டியைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் கொல்லன் உலையில் காய்ந்த இரும்பைத் தொட்டியில் முக்கியதுபோல் சத்தம் வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் சூட்டில் விரிந்திருந்த காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கினால், சுருங்கிய இடத்துக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் கைதட்டலில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

படகு மிதந்தது. மோட்டார் இழுத்த முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம்வரை நடை நடையாக ஆட்களை ஏற்றிச் சுற்றினார்கள். பாண்டிலட்சுமியும் ஏறினாள். நடுத்தண்ணீரில் காற்று முகத்தில் அடித்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அருள்பாண்டி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்ததும், சீனிச்சாமி சொன்னபடி படகை வெளியே எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே கதை. படகு தண்ணீரில் ஓடியது கொஞ்சம். ரோட்டில் ஓடியது அதிகம். மோட்டாருக்கு நீல கிரீஸ் தவறாமல் போனது. சக்கரம் கொஞ்சம் முனகியபோது, உருகி ஓடியதற்கு ஈடாக அருள்பாண்டியும் சுடலையும் சேர்ந்து மேலும் மஞ்சள் கிரீஸை அடைத்தார்கள். சுடலையும் தன் டிராக்டர் டிரெய்லருக்கு அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

தை மாதக் கடைசி வெள்ளி. இருக்கன்குடிக்குப் போய்விட்டு வருகிற ஒரு பஸ் கூட்டம் அணைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும், ஆபீஸ்களுக்கு லீவு. வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. ரோட்டோரத்தில் வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் பட்டாசு ஆபீஸின் தனித்தனிச் சிறு கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு பேர். வெளியே மேடையில் திரிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

அந்த வேலிக்கு நேராக வரும்போது வலது சக்கரம் கழன்றது.

கழன்ற சக்கரம் டிராக்டரை முந்திக்கொண்டு தனியாகப் போய் ஒரு ஓடையில் விழுந்தது. அச்சின் முனை தார் ரோட்டில் இறங்கியது. சுடலை பிரேக் பிடித்து நிறுத்துவதற்குள், படகின் முழுப் பாரத்தோடு இரும்பு ரோட்டில் தேய்ந்து, பின்னால் நீளமாகத் தீப்பொறி பறந்தது. பொறி ஓரத்தில் காய்ந்த புல்லில் விழுந்தது. புல் பற்றியது.

உள்ளே யாரோ விசில் ஊதினார்கள். கட்டடங்களில் இருந்த பெண்களும் ஆண்களும் வேலையைப் போட்டது போட்டபடி பின்பக்க வாசல் வழியே ஓடினார்கள். ஒருவரும் கத்தவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் ஓடுவார்கள், கத்துவதற்கு வேண்டிய மூச்சையும் காலுக்குக் கொடுத்து. அந்த அமைதிதான் அருள்பாண்டியை உலுக்கியது. டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தவர் இறங்கிப் புல்லை மிதித்து அணைக்கப் பார்த்தார். வேட்டி நுனி கருகியது. புகையில் எங்கே மிதிக்கிறோம் என்று தெரியவில்லை.

ஆபீஸ் போர்மேன் முனியராஜ் இரண்டு கையிலும் சிவப்பு மணல் வாளியோடு வாசல் வழியாக ஓடி வந்தான். மணலைக் கொட்டினான். ஓடிப்போய் இன்னும் இரண்டு வாளி கொண்டுவந்து கொட்டினான். புகை அடங்கியது. வேலிக்கும் கருகிய புல்லுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

முனியராஜ் படகைப் பார்த்தான், அருள்பாண்டியைப் பார்த்தான்.

"அம்மாம் பெரிய போட்டை இழுத்துட்டு வாறீக. அதுல ஒரு கொடம் தண்ணி இல்லையா?"

அருள்பாண்டி ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் திரும்பி வந்தார்கள். படகு அங்கேயே கிடக்கக் கூடாது, லோடு லாரி போக வழி இல்லை என்றான் முனியராஜ். ஒரு சக்கரம் போன வண்டியைப் படகோடு அசைக்க முடியாது. படகைக் கையால் தூக்கி எதிர்ப் புஞ்சையில் வைப்பதுதான் வழி. எல்லாரும் வந்து பிடித்தார்கள். பெண்கள்தான் அதிகம், கையெல்லாம் அலுமினியப் பவுடர். அதில் முன்னால் நின்றவள் குருவம்மாள், அருள்பாண்டியின் காட்டில் ஒரு காலத்தில் களை வெட்டியவள்.

"மூணு வருசமாக் களை வெட்ட வரலைன்னு ஏசிக்கிட்டே இருந்தீகளே," என்றாள் படகைத் தோளில் தாங்கியபடி. "இப்பம் ஊரோட வந்துட்டோம். எங்கன எறக்கணும், சொல்லுங்க."

படகு அத்தனை பேர் தோளில் ரோட்டைக் கடந்தது. அருள்பாண்டியும் ஒரு ஓரத்தில் தோள் கொடுத்தார். கொடுத்தாரா, பிடித்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. புஞ்சையில் இறக்கியதும், மீதிப் பொழுதுக்கு வேலை இல்லை என்று ஆபீஸை மூடினார்கள். படகின் நிழலில் உட்கார்ந்து பெண்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டார்கள். அந்தப் படகு வேறெந்த நாளும் அத்தனை பேருக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. குருவம்மாள் அருள்பாண்டிக்கு ஒரு கை சோறு வைத்து நீட்டினாள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, போதும் என்று கையை மறித்தார்.

மறுநாள் ஓடையிலிருந்து சக்கரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சாத்தூரில் சின்னச்சாமியின் பேரிங் கடைக்குப் போனார்கள். நடுக்குடத்தைத் திறந்தால், உள்ளே சாம்பல் நிறத்தில் புளித்த மோர் மாதிரி ஒன்று இருந்தது. அதில் பேரிங்கின் உருளைகள் பொடிப்பொடியாகக் கிடந்தன.

சின்னச்சாமி அதை ஒரு குச்சியால் கிண்டிப் பார்த்தார். "என்ன கிரீஸ் போட்டீக?"

"எல்லாம் போட்டேன்," என்றார் அருள்பாண்டி.

"எல்லாமா?"

சுடலை வரிசையாகச் சொன்னான்: பட்டறை மஞ்சள், பம்புசெட் கிரீஸ், வண்டி மை. சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

சின்னச்சாமி சிரிக்கவில்லை. அவர் கடையில் இந்த மாதிரிச் சாம்பல் மோர் வாரம் ஒன்று வரும், அதனால்தான் கடையே நடக்கிறது. "ஒண்ணோட ஒண்ணு சேராது. சேந்தா ரெண்டும் எளகி ஓடிரும். மாத்தணும்னா பழசை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைச்சு, ஈரம் இல்லாமக் காயவச்சுட்டுப் புதுசு போடணும். நிறைய அடைச்சா அது உள்ளுக்குள்ளயே கடைஞ்சு கடைஞ்சு சூடாகும். உருளைக்கு நடுவுல நல்லாப் போகணும். குடத்துல பாதி காலியா இருக்கணும்."

"காலியா இருக்கணுமா?" என்று அருள்பாண்டி கேட்டார். வைத்த இலையை ஒருவன் பாதியில் மூடிவிட்டதுபோல் அவர் முகம் இருந்தது.

சின்னச்சாமி ஒரு புது பேரிங்கைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் இடியாப்பம்போல் நூல் நூலாக கிரீஸ் எட்டிப் பார்த்தது. திருப்பித் திருப்பி அப்படியே முழு வட்டமும் செய்தார். பிறகு அருள்பாண்டியிடம் கொடுத்தார்.

அருள்பாண்டி செய்து பார்த்தார். முதல் தடவை வரவில்லை. மறுபடியும் செய்தார். அந்த நூல் எட்டிப் பார்த்ததும் அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. அன்று அந்தக் கடையில் சின்னச்சாமியின் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். நட்டை எவ்வளவு இறுக்குவது, இறுக்கிவிட்டு எவ்வளவு தளர்த்துவது, தண்ணீர் புகாமல் பின்னால் வைக்கிற ரப்பர் சீலை எப்படி நேராக உட்கார வைப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சூடு தாங்கும், தண்ணீரிலும் கரையாது என்று ஒரே ஒரு கிரீஸைச் சின்னச்சாமி எடுத்து வைத்தார். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. செங்கல் நிறம்.

வண்டியைச் சரிசெய்தார்கள். புஞ்சையிலிருந்து படகை எடுக்கப் போனபோது முனியராஜ் வாசலுக்கு வந்தான். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னான். இரண்டு சக்கரத்தையும் தானே சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்டான். சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"யாரு பாத்தது?"

"நான்தான்," என்றார் அருள்பாண்டி, அடி வாங்கத் தயாராக.

முனியராஜ் இன்னொரு தடவை சுற்றிவிட்டான். "எங்களுக்கு லோடு எடுக்க வாற டிராக்டர் அம்புட்டையும் இப்படிச் சுத்திப் பாக்கச் சொல்லி மொதலாளி உத்தரவு போட்டுருக்காரு. ஒங்களாலதான். ஒரு பய ஒழுங்கா வைக்கலை. ஒங்க கிட்ட அனுப்பட்டுமா?"

எங்கள் பக்கத்து நியாயம் இது. நன்றாக வண்டி ஓட்டியவனிடம் யாரும் யோசனை கேட்பதில்லை, கவிழ்த்தவனிடம்தான் கேட்பார்கள். ஆபீஸையே காலி செய்ய வைத்த மனுஷருக்கு பேரிங்கைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்று ஒருவன் சொல்ல, அப்படித்தான் என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முதலில் ஒரு டிராக்டர் வந்தது. பிறகு ஆபீஸ் தள்ளுவண்டிகள் வந்தன. அந்தத் தள்ளுவண்டிகளுக்கு முனியராஜ் ஒரு கண்டிப்பு வைத்தான்: கிரீஸ் உள்ளே இருக்க வேண்டும், வெளியே ஒரு பொட்டுத் தெரியக் கூடாது. பட்டாசு மருந்துத் தூள் விழுகிற இடத்தில் எண்ணெய்ப் பசை ஆகாது, வண்டியையும் ஆபீஸுக்குள் வைத்துப் பிரிக்கக் கூடாது. தள்ளுவண்டிகளைத் துடைத்து, வேலிக்கு வெளியே தூரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அருள்பாண்டி பேரிங்கில் அளவாக வைத்து, வெளியே ஒட்டியதைத் துணி போட்டு வழித்து, வழித்த துணியையும் வீட்டுக்கு எடுத்து வந்தார். கை நிறையக் கொடுத்துப் பழகியவருக்கு அது நோன்பு மாதிரி இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சாப்பாட்டில் உட்கார்ந்து, விருந்துக்கு வந்திருந்த மச்சானுக்கு அளவாகச் சோறு வைத்தார். மச்சான் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருஷம் மழை இல்லை. அணை வறண்டு, தரை வெடித்துக் கிடந்தது. படகையும் மோட்டாரையும் சீனிச்சாமியே வாங்கிக்கொண்டு, தண்ணீர் இருக்கும் வேறு கண்மாய்க்கு அனுப்பிவிட்டார். மோட்டாரைப் பிரித்துப் பார்த்த அவருடைய ஆள், இவ்வளவு கிரீஸ் தின்ற எந்திரத்தை நான் பார்த்ததில்லை என்று சொன்னானாம். விற்ற அன்று அருள்பாண்டி வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பாண்டிலட்சுமிக்குத்தான் என்னவோ போல் இருந்தது. நடுத்தண்ணீர்க் காற்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தாயில்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, சுடலையும் அருள்பாண்டியும் கூட்டாகத் தொழிலை வைத்தார்கள். கிரீஸ் கையோடு ஒருவரை ஒருவர் கூப்பிடும்போது, எந்த நாளில் போனது என்று தெரியாமல் "ஏலே" போய்விட்டது. தீபாவளி சீசனுக்கு முன்னால் லோடு டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். இன்ன கிரீஸ்தான் வேண்டும், பழசின் மேலேயே போடு என்று சொல்கிற டிரைவர்களை அருள்பாண்டி திருப்பி அனுப்பிவிடுவார். அவர்கள் வேறு பட்டறைக்குப் போய் நிறைய அடைத்துக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாள் கழித்துச் சாம்பல் மோரோடு திரும்பி வருவார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகிற டிராக்டர்களும் அங்கே நின்றுதான் போகும். டிரெய்லர் நிறைய ஜனம், முடியெடுக்கிற பிள்ளைகள், அக்கினிச்சட்டி, வேப்பிலை. அருள்பாண்டி கிரீஸ் படிந்து கறுத்துப் போன துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நிற்கிற வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் போய், சக்கரத்தின் நடுக்குடத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கை பொறுக்கிற சூடு என்றால் அடுத்த சக்கரத்துக்குப் போவார். பொறுக்கவில்லை என்றால் ஜனத்தை இறக்கச் சொல்லுவார்.

அப்படி அவர் ஒரு வண்டியைத் தொட்டு நின்றதை மேலே இருந்து ஒரு வயதான பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை. அவர் நகர்ந்ததும் மெல்ல இறங்கினாள். அவர் தொட்ட அதே இடத்தில் தானும் உள்ளங்கையை வைத்து, எடுத்து, இரண்டு கண்ணிலும் நெற்றியிலும் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் வரிசையாக இறங்கினார்கள். அருள்பாண்டி தடுக்கத்தான் நினைத்தார். முதல் பெண்ணின் நெற்றியில் அவர் கையிலிருந்து சக்கரத்தில் பட்ட செங்கல் நிற கிரீஸ் குங்குமம்போல் ஒட்டியிருந்தது. சுடலை துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"விடுங்க, அண்ணாச்சி," என்றான் அவரிடம் மெதுவாக. "நல்ல கிரீஸுதான். தண்ணி ஊத்திக் கழுவுனாலும் நெத்திய விட்டுப் போகாதே, அதான் யோசனையா இருக்கு."